அத்தையின் இடது கை

கொரோனா வந்த வருஷம் டிவியில் ஒரு பெண் கை கழுவக் கற்றுக்கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காட்டினாள். என் வயதுக்காரர்கள் பலபேர் சிரித்தீர்கள். "எழுபது வயசுக்கு மேல நமக்குக் கை கழுவக் கத்துத் தர்றாங்க பாரு" என்று என்னிடமே போனில் சொன்னவர்கள் உண்டு. நானும் ஒப்புக்குச் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பெண் வலது கையை முடித்துவிட்டு இடது கைக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். நாம் சின்னவர்களாக இருந்தபோது எந்தக் கையைக் கழுவினோம்? வெளியே போய்விட்டு வந்தால் "காலக் கழுவிக்கினு உள்ள வா" என்பார்கள். கையைப் பற்றிப் பேச்சே வராது. கை கழுவுவது சாப்பிட்ட பிறகு, எச்சில் போக. இடது கையில் சொம்பைப் பிடித்து வலது கையில் ஊற்றிக்கொண்டால் வேலை தீர்ந்தது. இடது கைக்கென்று தனியாக ஒரு கழுவல் உண்டு, அது கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து மண் போட்டுத் தேய்ப்பது. மற்ற நேரத்தில் அதை யாரும் சீந்த மாட்டார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது குழாய் வரவில்லை. சொம்பை வைத்துக்கொண்டு ஒரு ஆள் தனியாக இரண்டு கையையும் தேய்த்துக் கழுவ முடியாது. ஊற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும். அப்படி ஆள் நின்று ஊற்றுகிற மரியாதை எங்கள் வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது ஊரெல்லாம் ஃப்ளூ ஜுரம் வந்த வருஷத்தைப் பற்றி. ஐம்பதுகளின் கடைசிப் பக்கம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவுக்கு அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் பெயர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டன. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தம்பிக்குத் தொட்டில் கட்டும்போது அப்பா உத்தரத்துக் கொக்கியில் எண்ணெய் போட்டு வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் பார்க்க விழுப்புரத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மாமாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அத்தை ரயிலிலிருந்து இறங்கும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தாள். அதைத் திறந்தால் சுக்கும் வசம்பும் கலந்து ஒரு வாசனை வரும். அதற்கடியில் குழந்தைக்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய வேட்டித் துண்டுகள். நல்ல உயரம், நல்ல குரல். வந்த அன்றே அடுப்படியும் அரிசிப்பானையும் அவள் வசம் போய்விட்டன. கால் இரண்டையும் நீட்டிப் போட்டுத் தம்பியைக் குப்புறப் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவாள், அவன் அழக்கூட மாட்டான். அம்மா அவளை "அண்ணி" என்று கூப்பிடுவாள். அவள் எதிரே சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனி மாதம் ஜுரம் ஊருக்குள் வந்தது. அப்பா மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர். சாயந்திரம் வந்து அவர் சொல்லும் செய்திகளைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்தும் ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டி வருகிறவர்கள் மூட்டை மேலேயே சுருண்டு படுத்துக் கிடக்கிறார்களாம். மூட்டை தூக்க ஆள் இல்லையாம். பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு இருமல். கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் பின்தெருவில் ஒரு கைக்குழந்தை இறந்துவிட்டது என்று தயிர்க்காரி வந்து சொன்னாள். அத்தை அவளைச் சட்டென்று வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அம்மா உள்ளே பாயில் படுத்திருந்தாள். அவள் காதில் விழுந்திருக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

முனிசிபாலிடி நர்ஸம்மா கறுப்புக் குடையோடு வந்து போவாள். வாசலில் நின்றே சொன்னாள்: "வர்றவங்க போறவங்கள உள்ள விடாதீங்க. கொழந்தையத் தூக்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும். கையில ஒட்டிக்கினு வருது இந்த ஜுரம்."

"கழுவாம வுட்டுடுவனா நர்ஸம்மா? நான் பாத்துக்கறேன்" என்றாள் அத்தை.

பார்த்துக்கொண்டாள். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தவலைத் தண்ணீர், ஓரம் நசுங்கிய பித்தளைச் சொம்பு, கொட்டாங்கச்சியில் சிவப்பு சோப்பு, சுவரில் ஆணியடித்துக் கை துடைக்க ஒரு துணி என்று எல்லாம் ஏற்பாடாயிற்று. அப்பா மண்டியிலிருந்து வந்தால் காலைக் கழுவி, பின்னால் போய்க் கையைக் கழுவி, அத்தை முன்னால் வந்து நிற்க வேண்டும்.

"கையக் காட்டுடா. மோந்து பாக்கறேன்."

அப்பா வலது கையை நீட்டுவார். சோப்பு வாசனை வந்தால் உள்ளே விடுவாள். வராவிட்டால் திரும்பவும் பின்கட்டுக்குத் துரத்துவாள். நானும் நீட்டியிருக்கிறேன். தான் குழந்தையைத் தூக்கும் முன்பு தன் கையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். அத்தனை கண்டிப்பு. அவள் முகர்ந்ததெல்லாம் சோற்றுக்கைதான். நாங்கள் கழுவியதும் அதைத்தான். இன்னொரு கையைப் பற்றி அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நர்ஸம்மாவுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது.

முதலில் அப்பா படுத்தார். அடுத்து நான். கண்ணைத் திறந்தால் சுவர் ஆடும், எலும்புக்குள் யாரோ இடிக்கிற மாதிரி வலிக்கும். எங்கள் இரண்டு பேரையும் கூடத்தின் ஒரு மூலையில் போட்டு, அத்தை கஷாயம் ஊற்றினாள், கேப்பைக் கஞ்சி காய்ச்சினாள், குழந்தைத் துணி அலசினாள். எனக்கு ஜுரம் இறங்கி உட்கார்ந்த அன்று பார்த்தால் அத்தை இருமிக்கொண்டிருந்தாள். படுத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா.

"எனுக்கு இன்னாடா? கல்லு மாதிரி இருக்கேன். நான் படுத்துக்கினா இந்த வீட்ட யார் பாக்கறது?"

இருமல் வரும்போது இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வலது கை சோறு போடுகிற கை, மருந்து ஊட்டுகிற கை, அதை அவள் சுத்தமாக வைத்திருந்தாள். ஒழுங்காக வளர்ந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு பின்கட்டுக்குப் போய் வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவாள். இடது கையைத் தம்பியின் தலைக்கு அடியில் கொடுத்து மடியில் ஏந்துவாள், வலது கை ஆள்காட்டி விரலால் வசம்பை அவன் நாக்கில் தடவுவாள். உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை உடம்புக்காரிக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அப்புறம் தம்பிக்குச் சுட்டது.

முதல் நாள் சிணுங்கினான். மறுநாள் சிணுங்கக்கூட இல்லை. மூக்கு அடைத்துக்கொண்டு, பாலுக்கு வாயைத் திறந்து, மூச்சு முட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். முந்தைய இரண்டும் இப்படித்தான் பாலை மறந்து போயின என்று பிற்பாடு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும்தான். நர்ஸம்மா வந்து தொட்டுப் பார்த்தாள்.

"பாலைப் பீச்சி சொட்டு சொட்டா குடுத்துக்கினு இருங்க. நாளைக்குள்ள தானா வாய் வெச்சு குடிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதும் அத்தை பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்து, குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்தக் கைய கழுவல நீங்க."

"எந்தக் கைய?"

அம்மா மோவாயால் காட்டினாள். அத்தை தன் இடது கையைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "இப்பத்தான சோப்பு போட்டுக்கினு வர்றேன். மோந்து பாரு" என்று வலது கையை நீட்டினாள்.

"அது சோத்துக்கை. இருமும்போது நீங்க வாயப் பொத்திக்கிறது இந்தக் கையால. அப்புறம் இதாலதான் அவன் தலையத் தாங்குறீங்க. அவன் பசிக்குத் திரும்பித் திரும்பி உங்க வெரலத்தான் சப்புறான். நான் பாத்துக்கினுதான் இருக்கேன் அண்ணி."

நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, அதுவும் புருஷனுக்கு மூத்த நாத்தனாரைப் பார்த்து, உன் இடது கை சுத்தமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தையின் முகம் சிறுத்துப்போயிற்று.

"என் பீச்சாங்கை நாறுதுன்றியா? பின்னால போய்ட்டு வந்தா மண்ணு போட்டுத் தேச்சுக் கழுவுறவடி நானு. உம் புள்ள பீத்துணி அலசுற கைடி இது!"

"அசிங்கம்னு சொல்லல அண்ணி. ஜுரம்னு சொல்றேன்."

"இன்னா பேச்சு பேசுற நீ, அக்காகிட்ட?" என்று மூலையிலிருந்து அப்பா கத்தினார். கத்த முடியாமல் இருமினார்.

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. "ரெண்ட வாரிக் குடுத்துட்டேன். இதையும் குடுக்க எங்கிட்ட தெம்பு இல்ல" என்று சொல்லிக் குழந்தையை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அத்தை தகரப் பெட்டியை இழுத்துப் போட்டுப் புடவைகளை அடுக்கினாள். அப்பா தள்ளாடி எழுந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் போய்விட்டால் அடுப்பு மூட்டக்கூட எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"எந்திருடா. நான் போகல. இதுக்கு ஜுரம் வுட்டப்புறம் போறேன். ஆனா அது வரைக்கும் கொழந்தையத் தொட மாட்டேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு." அம்மா ஒரு கை தூரத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அத்தை அம்மாவோடு பேசவில்லை. எல்லாம் என் மூலமாகத்தான். "உங்கம்மாகிட்ட கஞ்சி ஆறுதுன்னு சொல்லு." "உங்கம்மாவ காதக் கட்டிக்கினு உக்காரச் சொல்லு, காத்து அடிக்குது." ஆனால் மணிக்கு ஒருமுறை பின்கட்டிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். நான் போனால் துவைக்கிற கல்லின் முன்னால் குந்தியிருப்பாள். இரண்டு கையையும் நீட்டுவாள்.

"ஊத்து பாப்பா."

நான் சொம்பைச் சாய்ப்பேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போடுவாள். தேங்காய் நாரை எடுத்து இடது கையை மட்டும் தேய் தேய் என்று தேய்ப்பாள். தோல் சிவந்து அங்கங்கே கீறிக்கூடப் போயிருந்தது. "போதும் அத்தை" என்பேன். "ஊத்து" என்பாள். குழந்தையைத் தொடப்போவதில்லை என்று சபதம் போட்டவள் யாருக்காக இப்படித் தேய்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். பிறகு சொம்பை வாங்கி என் இரண்டு கைக்கும் அவள் ஊற்றுவாள். உள்ளே அம்மாவுக்கு ஒரு கிண்ணியில் சுடுதண்ணீர் கொடுத்தனுப்புவாள். "ரெண்டு கைக்கும் நீயே ஊத்திட்டு வா."

அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா பாலாடைச் சங்கில் பாலைப் பீச்சி அவன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி வழிந்துவிடும். அடிக்கடி அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். அவள் அசந்தால் நான் வைத்துப் பார்ப்பேன். நர்ஸம்மா சொன்ன கெடு தாண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜட்கா வண்டி தேடிப் போனார். வண்டிக்காரர்களும் படுத்துக் கிடந்தார்கள், அவர் வர நேரமாயிற்று. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். என்ன சொன்னாள் என்று புரியவில்லை, வெறும் சத்தம்தான். அடுப்படியில் கரண்டி விழுந்தது. அத்தை ஓடிவந்தாள். அறை வாசற்படிவரை வந்தவள் அங்கேயே யாரோ பிடித்து நிறுத்தினாற்போல் நின்றுவிட்டாள். கையிரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. அம்மா கண்ணுக்கு நேரே இருக்கும்போது என்னைப் பார்த்து, "பாப்பா, இன்னா ஆச்சுன்னு கேளு" என்றாள்.

"குடிக்கிறான் அண்ணி" என்று அம்மா அழுதாள். "புடிச்சி இழுத்துக் குடிக்கிறான்."

அத்தை திரும்பி அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கீழே விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அத்தையின் கையிலிருந்துதான் அந்த ஜுரம் தம்பிக்கு வந்ததா? வந்திருக்கலாம். ஆனால் பின்கட்டுச் சுவரில் ஆணியில் ஒரு துணி தொங்கியதே, ஜுரக்காரர்களும் மற்றவர்களும் கழுவிய கையை அந்த ஒரே துணியில்தானே துடைத்தோம்? அப்பா மண்டித் தூசியோடு வந்து தோளில் கிடந்த துண்டால் அவன் வாய் எச்சிலைத் துடைப்பாரே? பெயர் தெரியாத உறவுக்காரிகள் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்களே? எது என்று யார் கண்டது? அம்மா சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றோடு எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. "உன்னாலதான்" என்று ஒருவரும் அத்தையிடம் சொல்லவில்லை. "உன்னால இல்ல" என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவாவது சொல்லியிருக்கலாம், தன் அக்காதானே. அவள் பாட்டுக்கு அத்தனையையும் தலையில் ஏற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஜுரம் விட்டு, தம்பி தேறி, அத்தை ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. அது வரைக்கும் அவள் அவனைத் தொடவில்லை. தொட்டிலில் அழுதால் கயிற்றை மட்டும் பிடித்து ஆட்டுவாள். ரயிலடிக்கு நானும் அப்பாவும் மட்டும் போவதாகப் பேச்சு. அம்மா காதைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். பச்சை உடம்போடு தெருவில் இறங்கக் கூடாது என்று அப்பா எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. அத்தை முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி வந்து நின்றது. நல்ல கூட்டம். அப்பா இடம் பிடிக்கப் பெட்டியோடு முண்டியடித்து ஏறினார். அம்மா அத்தைக்கு எதிரே போய் நின்று குழந்தையை நீட்டினாள்.

"புடிங்க அண்ணி."

"பாப்பா, வண்டி வந்துடிச்சின்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"வந்தா நிக்கும். புடிங்க."

அத்தை குழந்தையைப் பார்த்தாள். கையை நீட்டப்போனாள். பாதியில் நிறுத்தித் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிய கை, பிளாட்பாரத்துக் கம்பியைப் பிடித்த கை. சட்டென்று திரும்பி நடந்தாள். பிளாட்பாரத்துக் கோடியில் ஒரு குழாய் இருந்தது.

"யக்கா! எங்க போற? ஜல்தி வா!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா கத்தினார்.

அவள் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் அடியில் நீட்டினாள். ஊற்ற ஆள் இல்லாமல் இரண்டு கையையும் ஒருவர் சேர்த்துத் தேய்ப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று அவசரமே இல்லாமல் தேய்த்தாள். பின்னால் கார்டு விசில் ஊதிவிட்டார், பச்சைக்கொடி ஆடுகிறது. "அத்தை! அத்தை!" என்று கத்துகிறேன். ஈரக் கைகள் எதன் மேலும் பட்டுவிடாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வருகிறாள். ஜனங்கள் என்னவோ ஏதோ என்று விலகி வழி விட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. பெட்டி பெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது, அப்பாவால் இழுக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "யக்கா! பெட்டி! யக்கா!" என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டி விழுப்புரம் போய்விட்டார்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். இடது கையை அவன் தலைக்கு அடியில் கொடுத்து, தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏண்டி, நல்லா கனத்துட்டானே இவன். வேளைக்குப் பால் குடிக்கிறானா?"